விலகியவரும் நிலைத்தவரும்



படுவான்கரையிலே மண்டூரில் நின்று கிழக்கே நோக்குவோருக்கு முதலில் வாவி தெரியும். அதற்கப்பால் குருமண்வெளியின் கரை தெரியும். அக்கரை செல்ல வேண்டியோர் பல தலைமுறைகளாகப் பாதையில் ஏறியே வாவியைக் கடந்து வந்துள்ளனர். எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே வாழும் மக்களாகிய நமக்கு, 'இங்கேயே நிற்பதா, அக்கரைக்குப் போவதா?' என்னும் வினா புதியதன்று. போர்க்காலத்தில் அதே வினா வேறொரு கனத்தோடு நம் இல்லங்களுக்குள் நுழைந்தது. சிலர் கடல் கடந்து போயினர். சிலர் இம்மண்ணிலேயே இருந்தனர். போனவரை இருந்தவர் குறை கூறுவதும், இருந்தவரைப் போனவர் இரங்கிப் பார்ப்பதும் இன்றும் பல குடும்பங்களில் ஆறாத புண்ணாக இருக்கின்றன.

விலகுவது கோழைத்தனமா? நிலைத்து நிற்பது மட்டுமே வீரமா? இவ்வாரம் இவ்வினாவை இரு மனிதர்களின் வாழ்வைக் கொண்டு சிந்திப்போம். ஒருவர் அமெரிக்க உதைபந்தாட்ட வீரர். மற்றவர் நம் மட்டக்களப்பு மண்ணில் வாழ்ந்த ஒரு துறவி. இருவரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் இருவரையும் பண்படுத்திய பள்ளி ஒன்றே. அது புனித இஞ்ஞாசியாரின் பள்ளி.

அமெரிக்க உதைபந்தாட்டம் நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. நூறு யார் நீளமான களத்தில், அணிக்குப் பதினொருவராக நின்று, முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி எதிர்ப்பக்க எல்லைவரை கொண்டுசெல்ல முயலும் முரட்டு ஆட்டம் அது. பந்தைக் கொண்டு ஓடுபவரை உடலால் மோதி வீழ்த்துவது அங்கே விதிக்கு உட்பட்டது. தற்காக்கும் அணியின் முன்வரிசையில் மலை போன்ற ஆட்கள் நிற்பர். அவர்களுக்குச் சற்றுப் பின்னே நிற்பவரே 'லைன்பேக்கர்' என்று அழைக்கப்படுபவர். பந்து ஓட்டமாக வருமா, எறியப்படுமா, இடப்புறமா, வலப்புறமா என்பதை நொடிப்பொழுதில் கணித்து, முன்வரிசையைத் தாண்டி வருபவரை அவர் தடுத்து நிறுத்த வேண்டும். ஊரின் மதில்மேல் நின்று பகைவர் வரவை அறிவிக்கும் காவலாளியைப் பற்றி இறைவாக்கினர் எசேக்கியேல் கூறுகிறார் அல்லவா? அத்தகைய காவலாளியின் இடம் அது.

அந்த இடத்தில் நின்று புகழ் பெற்றவர் லூக் கீக்லி. 1991ஆம் ஆண்டு பிறந்த இவர், ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரிலுள்ள புனித சவேரியார் உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் பொஸ்டன் கல்லூரியிலும் பயின்றார். இவ்விரண்டும் இயேசு சபையாரின் கல்விக்கூடங்கள். 2012ஆம் ஆண்டு கரோலினா பாந்தர்ஸ் என்னும் தொழில்முறை அணி, அவ்வாண்டின் புதிய வீரர் தெரிவில் ஒன்பதாவது ஆளாக அவரைத் தெரிந்துகொண்டது. அடுத்த ஆண்டே, 2013இல், நாட்டின் தலைசிறந்த தற்காப்பு வீரர் என்ற விருது அவருக்குக் கிடைத்தது. எதிரணியின் பழைய ஆட்டங்களைத் திரையில் மீண்டும் மீண்டும் பார்த்துப் பயின்று, பந்து நகருமுன்னரே அது எங்கே போகும் என்று தம் அணியினருக்குக் கூவி அறிவிக்கும் ஆற்றல் அவரிடம் இருந்தது. உடல் வலிமையை மட்டும் நம்பியவர் அல்லர் அவர், விழித்திருந்து கற்றவர்.

ஆயினும் இவ்வாட்டம் தன் வீரர்களிடம் கடும் விலை கேட்கும். மோதலினால் மூளை அதிரும் காயம் அவருக்கு 2015, 2016, 2017 என மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக ஏற்பட்டது. 2016 நவம்பரில் நியூ ஓர்லியன்ஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தில் காயமுற்றபோது, அவர் கண்ணீர் வடித்தவாறே வண்டியில் களத்திலிருந்து கொண்டு செல்லப்பட்டார். அந்த எதிரணியின் பெயர் 'புனிதர்கள்' என்பது. 1966ஆம் ஆண்டு அனைத்துப் புனிதர் பெருவிழாவன்று அவ்வணி அறிவிக்கப்பட்டது. தொலைக்காட்சியில் ஆட்டத்தைக் கண்டு கொண்டிருந்தோர், வலிமையின் உருவமாக நின்ற ஒருவர் குழந்தைபோல் அழுவதைக் கண்டு திகைத்தனர்.

திரும்பத் திரும்ப அடிபடும் மூளை காலப்போக்கில் சிதைவுறும் என்பதை, நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு 2002ஆம் ஆண்டு, இறந்துபோன ஓர் ஆட்ட வீரரின் மூளையை ஆராய்ந்து கண்டறிந்தார். 1990ஆம் ஆண்டு தொழில்முறை ஆட்டத்திற்கு வந்து இருபது பருவங்கள் லைன்பேக்கராக ஆடிய ஜூனியர் சியாவ், 2012இல் தம் 43ஆவது வயதில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய மூளையும் அவ்வாறே சிதைந்திருந்ததை மருத்துவர்கள் பின்னர் உறுதிசெய்தனர்.

கீக்லி இவற்றையெல்லாம் அறியாதவர் அல்லர். 2020 ஜனவரி 14ஆம் நாள், எட்டே பருவங்கள் ஆடிய நிலையில், 28ஆவது வயதில் அவர் ஓய்வை அறிவித்தார். ஆட வேண்டும் என்ற ஆசை உள்ளத்தில் இன்னும் இருக்கிறது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆயினும் தாம் அறிந்த முறையில், முழு வேகத்தோடும் முழு வலிமையோடும் இனி ஆட இயலாது என்பதை ஏற்றுக்கொண்டு, பெரும் பொருளும் புகழும் இன்னும் காத்திருந்த களத்தைவிட்டு அமைதியாக வெளியேறினார்.

அன்பார்ந்தவர்களே! இனி நம் கரைக்கு வருவோம்.

1893ஆம் ஆண்டு திருகோணமலை மறைமாவட்டம் நிறுவப்பட்டபின், கிழக்கிலங்கையின் மறைப்பணி பிரெஞ்சு இயேசு சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து, குறிப்பாக நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபையார், இப்பணியில் இணைந்தனர். அவர்கள் செபமாலையோடும் பாடநூல்களோடும் விளையாட்டையும் கொண்டுவந்தனர். மட்டக்களப்பு நகரின் வெபர் விளையாட்டரங்கு அவர்களுள் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

அவர்கள் நம் பிள்ளைகளுக்குக் கற்பித்தது மோதி வீழ்த்தும் ஆட்டமன்று, கூடைப்பந்தாட்டம். அதன் பிறப்பும் சிந்திக்கத்தக்கது. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில், இறையியல் பயின்ற ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், பனிக்காலத்தில் இளைஞர்கள் மண்டபத்துக்குள் ஆடத்தக்க ஓர் ஆட்டத்தை உருவாக்க முனைந்தார். பந்தோடு ஓடுபவரை வீழ்த்துவதால் அல்லவா முரட்டுத்தனம் வருகிறது? பந்தை ஏந்தி ஓடுவதையே தடைசெய்தால் வீழ்த்த வேண்டிய தேவையும் இராது என்று அவர் எண்ணினார். பத்தடி உயரத்தில் பழக்கூடைகள் இரண்டைக் கட்டினார். ஆட்டம் பிறந்தது. ஒருவரையொருவர் வீழ்த்தாமலும் வெல்ல முடியும் என்பதை அது உலகுக்குக் காட்டியது.

அந்த ஆட்டத்தை நம் பிள்ளைகளுக்குப் பயிற்றுவித்தவர்களுள் ஒருவர் அருட்தந்தை யூஜின் ஜோன் ஹேபியர் அடிகளார். 1923ஆம் ஆண்டு லூசியானா மாநிலத்தில் பிறந்த அவர், 1948ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தார். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பணியாற்றி, இரு கல்லூரிகளிலும் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராகத் திகழ்ந்தார். பின்னாளில் மட்டக்களப்பில் கிழக்குத் தொழில்நுட்பக் கல்விநிலையத்தின் பொறுப்பை ஏற்று, ஏழை இளைஞர்கள் ஒரு தொழிலைக் கையில் ஏந்தி வாழ வழிசெய்தார்.

போர் மூண்டபோது அவருடைய காவலிடம் மாறியது. காணாமற்போன பிள்ளைகளைத் தேடி அலைந்த தாய்மாருக்காகக் குரல்கொடுக்க வேண்டிய காலம் அது. மட்டக்களப்பில் மக்களுக்காகப் பேசியதன் விலையை அவர் நன்கு அறிந்திருந்தார். மக்கள் குழுவின் தலைவராகப் பணியாற்றிய அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஹேபியர் அடிகளாரிடம் அமெரிக்கக் குடியுரிமை இருந்தது. வயது அறுபதைக் கடந்திருந்தது. 'நான் என் பங்கைச் செய்துவிட்டேன்' என்று கூறி ஊர் திரும்பியிருந்தால் அவரை யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

1990 ஆகஸ்ட் மாதம் கிழக்கு எரிந்துகொண்டிருந்தது. தமிழர் ஊர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் மாறி மாறிக் குருதி சிந்தப்பட்டது. ஆகஸ்ட் 15ஆம் நாள், தூய கன்னி மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி அவர் தம் ஸ்கூட்டரில் புறப்பட்டார். தமிழ் இளைஞர் ஒருவரும் அவருடன் வந்தார். இருவரும் வந்து சேரவில்லை. அவர்களுடைய உடல்களும் கிடைக்கவில்லை. அப்போது அடிகளாருக்கு வயது 66. நம் மண்ணில் அவர் வாழ்ந்த காலம் 42 ஆண்டுகள்.

கல்லறையில் ஒரு மெழுகுதிரி ஏற்றவும் வழியில்லாத துயரம் எத்தகையது என்பதை நம் மாவட்டத்தின் எத்தனையோ தாய்மார் அறிவர். பிறரின் காணாமற்போன பிள்ளைகளுக்காகக் கவலைப்பட்டவர், இறுதியில் தாமும் அப்பெயர்ப் பட்டியலில் ஒருவரானார். அவர்களுடைய துயரத்தைத் தூரத்திலிருந்து பார்த்து ஆறுதல் கூறியவராக அல்லாமல், அதற்குள்ளேயே சென்றுவிட்டவராக அவர் நம் நினைவில் நிலைத்திருக்கிறார்.

இப்போது நம் வினாவுக்குத் திரும்புவோம். களத்தைவிட்டு விலகியவர் சரியா? களத்தைவிட்டு விலகாதவர் சரியா?

புனித இஞ்ஞாசியாரே இதற்கு விடை தருகிறார். அவரும் ஒரு காலத்தில் போர்வீரர். 1521ஆம் ஆண்டு பாம்பலோனா நகரைக் காக்கும் போரில் பீரங்கிக் குண்டு அவருடைய காலைத் தாக்கியது. வீரப் புகழ் தேடிய வாழ்வு அன்றோடு முடிந்தது. படுக்கையில் கிடந்த நாள்களில் வேறொரு வாழ்வு தொடங்கியது. பின்னர் அவர் எழுதிய ஆன்மீகப் பயிற்சிகளின் அடித்தளத்தில் ஓர் உண்மை இருக்கிறது. உடல்நலமோ நோயோ, நீண்ட ஆயுளோ குறுகிய ஆயுளோ, புகழோ இகழ்ச்சியோ, எதுவும் தன்னளவில் நம் இலக்கு ஆகாது. நாம் படைக்கப்பட்ட நோக்கத்தை அடைய எது உதவுகிறதோ அதைத் தேர்ந்துகொள்ளும் விடுதலை உள்ளமே வேண்டும் என்பது அவருடைய படிப்பினை.

இந்த அளவுகோலால் பாருங்கள். கீக்லிக்கு முன்னே இருந்தது ஓர் ஆட்டம். அதைத் தொடர்வதற்கு அவர் கொடுக்க வேண்டியிருந்தது, இறைவன் தந்த உடலையும் அறிவையும். ஆட்டத்திற்காக அவற்றைப் பலியிட வேண்டியதில்லை என்று தெளிந்து அவர் விலகினார். ஹேபியர் அடிகளாருக்கு முன்னே இருந்தவர்கள் மனிதர்கள். ஓநாய் வருவதைக் கண்டு ஓடிவிடும் கூலியாளைப் பற்றியும், ஆடுகளுக்காக உயிரைத் தரும் நல்லாயனைப் பற்றியும் நம் ஆண்டவர் கூறியதை அவர் பலமுறை வாசித்திருப்பார். தம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களை விட்டுச் செல்வதில்லை என்று தெளிந்து அவர் நிலைத்தார். ஒருவர் எடுத்த முடிவு மற்றவருடைய முடிவுக்கு நேரெதிர். ஆயினும் எதை எதற்காகக் கொடுக்கலாம் என்பதை இருவருமே எண்ணிப் பார்த்தனர்.

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளை விளையாட்டில் சிறந்தால் மகிழுங்கள். ஆனால் அடிபட்ட பிள்ளையைக் கிண்ணத்திற்காகவும் ஊர்ப் பெருமைக்காகவும் மீண்டும் களத்திற்குத் தள்ளாதீர்கள். தலையில் அடிபட்டபின் மயக்கமோ வாந்தியோ நினைவுத் தடுமாற்றமோ காணப்பட்டால், உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கொரிந்து நகர் அருகே விளையாட்டு விழாக்கள் நிகழ்ந்த காலத்தில், வாடிப்போகும் வெற்றி வாகையையும் வாடாத வாகையையும் ஒப்பிட்டுத் தம் முதல் திருமுகத்தில் எழுதினார் புனித பவுல். வாடும் வாகைக்காக ஒரு பிள்ளையின் வாழ்வை வாடவிடலாமா?

இளையோரே, நீங்கள் தொடங்கிய ஒன்றை விட்டுவிட நேர்ந்தால், அது சோம்பலினாலா, அச்சத்தினாலா, அல்லது தெளிந்த உள்ளத்தினாலா என்று செபத்தில் அமர்ந்து கேளுங்கள். ஒன்றைப் பற்றிக்கொண்டு நிற்கும்போதும் அதே வினாவைக் கேளுங்கள். பிடிவாதமும் உறுதியும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும்.

கடல் கடந்து போன உறவுகளையும் இக்கரையில் நின்ற உறவுகளையும் கொண்ட குடும்பங்களே, இனியேனும் ஒருவரையொருவர் அளவிடுவதை நிறுத்துவோம். பிள்ளைகளின் உயிரைக் காக்கப் போன தகப்பனும், முதிய பெற்றோரைக் காக்க இருந்த மகளும் அன்பின் பொருட்டே முடிவெடுத்தனர். யார் எந்தக் கரையில் நின்றார் என்பதைவிட, அங்கே நின்று யாரைத் தாங்கினார் என்பதே தீர்ப்பு நாளில் கேட்கப்படும். பசித்தோரையும் சிறைப்பட்டோரையும் பற்றி ஆண்டவர் கூறிய உவமை நமக்கு அதைத்தானே உணர்த்துகிறது?

விண்ணேற்புப் பெருவிழா வரும் ஆகஸ்ட் 15ஆம் நாளன்று, ஆலயத்தில் மெழுகுதிரி ஏற்றும்போது, கல்லறையில்லாத அந்தத் துறவியையும் அவருடன் சென்ற இளைஞரையும், இன்னும் திரும்பாத நம் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி நினைவுகூர்வோம்.

இறைவா, விலக வேண்டிய வேளையில் விலகும் பணிவையும், நிற்க வேண்டிய வேளையில் நிற்கும் துணிவையும், இரண்டையும் பிரித்தறியும் தெளிவையும் எங்கள் இல்லங்களுக்குத் தந்தருளும். ஆமென்.