ஒன்றை நிறுத்தினால் மூன்றும் நிற்பது ஏன்? டேட்டாபேஸின் பொது மெமரி

செஞ்சியில் என் மாமா நெல் மண்டி வைத்திருக்கிறார். அங்கு மூன்று கம்ப்யூட்டர்களில் பில் போடுகிறார்கள். மூன்றும் உள் அறையில் இருக்கும் நான்காவது கம்ப்யூட்டருடன் கேபிள் மூலம் இணைக்கப்பட்டுள்ளன. மண்டியின் கணக்கு முழுவதும் அந்தக் கம்ப்யூட்டரில், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் சாப்ட்வேரில் பதிவாகிறது.

அறுவடைக் காலத்தில் ஒரு நாள், நெல் வண்டிகள் வரிசையாக நிற்கும் வேளையில், ஒரு கம்ப்யூட்டரில் பில் திரை அசையாமல் நின்றுவிட்டது. விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த நான், உள் அறைக் கம்ப்யூட்டரில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். போஸ்ட்கிரெஸ் என்ற பெயரில் பல வரிகள் இருந்தன. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து "எண்ட் டாஸ்க்" கிளிக் செய்தேன். உடனே மற்ற இரண்டு கம்ப்யூட்டர்களிலும் பில் போடுவது நின்று போனது.

"என்ன மாப்ளே, ஒண்ண நிறுத்தச் சொன்னா மூணையும் நிறுத்திட்டியே?" என்றார் மாமா.

சிறிது நேரத்தில் டேட்டாபேஸ் தானாகவே எழுந்து வந்தது. முடித்த பில்கள் அனைத்தும் பத்திரமாக இருந்தன. பாதியில் இருந்த பில்களை மட்டும் மீண்டும் போட வேண்டியிருந்தது. மாமா கேட்டது நியாயமான கேள்வி. அதற்கான பதில் ஷேர்டு மெமரி எனப்படும் பொது மெமரியில் இருக்கிறது.

பொது மெமரி எதற்கு?

செஞ்சிக் கோட்டைக்குச் சென்றவர்கள் ராஜகிரி மலையடிவாரத்தில் உள்ள பெரிய நெற்களஞ்சியத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு படி அரிசிக்கும் களஞ்சியத்திற்கு ஓடினால் சமையல் நடக்காது. அன்றாடத் தேவைக்கு அடுப்பங்கரையில் ஒரு பானை வேண்டும். கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் களஞ்சியம் என்றால் ராம் மெமரி பானை. டிஸ்க்கிலிருந்து படிப்பதைக் காட்டிலும் ராம் மெமரியிலிருந்து படிப்பது பல மடங்கு வேகமானது.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல், தன்னுடன் இணையும் ஒவ்வொரு தொடர்புக்கும் ஒரு தனி பிராசஸைத் தொடங்குகிறது. டாஸ்க் மேனேஜரில் நான் பார்த்த பல வரிகள் இவைதான். ஒரு பிராசஸின் மெமரியை இன்னொன்று தொட முடியாதபடி விண்டோஸ், லினக்ஸ் போன்ற ஆப்பரேட்டிங் சிஸ்டங்கள் பிரித்து வைக்கின்றன. இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் டேட்டாபேஸுக்கு இது மட்டும் போதாது. ஒவ்வொரு பிராசஸும் இருப்புக் கணக்கைத் தனித்தனியே தன் மெமரியில் வைத்துக் கொண்டால், முதல் கம்ப்யூட்டர் விற்ற 50 மூட்டை இரண்டாவது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதே மூட்டைகளை அதுவும் விற்றுவிடும். எனவே எல்லாப் பிராசஸ்களும் பார்க்கக்கூடிய ஒரே பானை வேண்டும்.

எப்போது, எவ்வளவு ஒதுக்கப்படுகிறது?

டேட்டாபேஸ் தொடங்கும்போதே அதன் முதன்மைப் பிராசஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் இந்த இடத்தைக் கேட்டு வாங்கிவிடுகிறது. பின்னர் வரும் பிராசஸ்கள் அனைத்தும் அதே இடத்தைப் பயன்படுத்துகின்றன. இதன் பெரும்பகுதியின் அளவை முடிவு செய்வது "ஷேர்டு பஃபர்ஸ்" என்ற செட்டிங். நாம் எதையும் மாற்றாவிட்டால் பொதுவாக இது 128 எம்பி. இதனை மாற்றினால் டேட்டாபேஸை நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும்; ஓடிக் கொண்டிருக்கும்போது அளவு மாறாது. ஆரக்கிள் டேட்டாபேஸிலும் இதே போன்ற பொது மெமரி உண்டு. அதற்கு எஸ்ஜிஏ, அதாவது சிஸ்டம் குளோபல் ஏரியா என்று பெயர்.

உள்ளே என்ன இருக்கிறது?

1. பக்கங்கள்: டேட்டா 8 கேபி அளவுள்ள பக்கங்களாக டிஸ்க்கிலிருந்து இங்கே கொண்டு வரப்படுகிறது. 128 எம்பியில் 16,384 பக்கங்களுக்கு இடம் உண்டு.

2. அட்டவணை: எந்தப் பக்கம் எந்த இடத்தில் உள்ளது என்ற குறிப்பு.

3. பூட்டுகள்: ஒரே விவரத்தை இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றாமல் தடுக்கும் லாக் பட்டியல்.

4. லாக் பஃபர்: செய்த மாற்றங்களின் நாட்குறிப்பு. டிஸ்க்கிற்குச் செல்லும் முன் இங்கே காத்திருக்கும். 128 எம்பிக்கு இதன் அளவு 4 எம்பி. பெயர் ஒன்றாக இருந்தாலும், மேலே சொன்ன பூட்டு லாக் வேறு, இந்த நாட்குறிப்பு லாக் வேறு.

இடம் நிரம்பிவிட்டால்?

ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு எண்ணிக்கை உண்டு. பக்கத்தைப் பயன்படுத்தும்போது அது ஒன்று கூடும். 5க்கு மேல் போகாது. புதிய பக்கத்திற்கு இடம் தேவைப்பட்டால், கடிகார முள் சுற்றுவது போல டேட்டாபேஸ் எல்லா இடங்களையும் சுற்றி வந்து, ஒவ்வொன்றின் எண்ணிக்கையிலும் ஒன்றைக் குறைக்கிறது. பூஜ்யமாக இருக்கும் பக்கம் வெளியேற்றப்படும். அதில் மாற்றம் செய்யப்பட்டிருந்தால், டிஸ்க்கில் எழுதிய பின்னரே அதன் இடம் பறிக்கப்படும். யாராவது அந்த நிமிடத்தில் பயன்படுத்திக் கொண்டிருக்கும் பக்கத்தைத் தொடுவதே இல்லை.

பத்து ஆண்டுக் கணக்கை ஒருவர் மொத்தமாகத் தேடினால் மற்ற பக்கங்கள் எல்லாம் வெளியே போய்விடுமா? போகாது. பொது மெமரியில் கால் பங்கிற்கு மேற்பட்ட பெரிய டேபிளை முழுவதும் படிக்கும்போது, ஒரு சிறு வளையத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக் கொள்கிறது.

மின்சாரம் போனால்?

ராம் மெமரியில் உள்ளது அழிந்துவிடும். ஆனால் "பில் பதிவானது" என்று சொல்வதற்கு முன்பே, அந்த மாற்றத்தின் நாட்குறிப்பை டேட்டாபேஸ் டிஸ்க்கில் எழுதிவிடுகிறது. பக்கங்கள் பின்னர் நிதானமாக எழுதப்படும். மின்சாரம் வந்து டேட்டாபேஸ் மீண்டும் தொடங்கும்போது, நாட்குறிப்பைப் படித்து விட்டுப்போனவற்றைச் சரி செய்து கொள்கிறது.

மாமாவுக்கான பதில்

நான் "எண்ட் டாஸ்க்" கொடுத்தபோது அந்தப் பிராசஸ் பொது மெமரியில் எதைப் பாதி மாற்றியிருந்தது, எந்தப் பூட்டைப் பிடித்திருந்தது என்று யாருக்கும் தெரியாது. பாதி மாறிய பக்கத்தை நம்பி மற்றவர்கள் பில் போட்டால் கணக்கே தவறாகிவிடும். எனவே முதன்மைப் பிராசஸ் மற்ற எல்லாத் தொடர்புகளையும் துண்டித்து, பழைய பொது மெமரியைக் கைவிட்டு, புதிதாக அமைத்து, நாட்குறிப்பிலிருந்து கணக்கை மீட்டது. மூன்றும் நின்றது கோளாறு அல்ல; கணக்கைக் காப்பாற்றும் ஏற்பாடு.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

* தொடர்பு ஒன்றை நிறுத்த வேண்டுமானால் டாஸ்க் மேனேஜர் பக்கம் செல்ல வேண்டாம். பிஜிஅட்மின் புரோகிராமின் டாஷ்போர்டில் செஷன் பட்டியல் கிடைக்கும். அங்கு முதலில் வேலையை மட்டும் ரத்து செய்து பாருங்கள். பலன் இல்லாவிட்டால் தொடர்பை முடித்திடுங்கள். அந்தப் பிராசஸ் தன் பூட்டுகளை விட்டுவிட்டு ஒழுங்காக வெளியேறும்.

* ராம் நிறைய இருக்கிறதே என்று ஷேர்டு பஃபர்ஸை ஏற்றிவிடாதீர்கள். டேட்டாபேஸுக்கு மட்டுமே உள்ள சர்வரில், 1 ஜிபி அல்லது அதற்கு மேல் ராம் இருந்தால், அதில் 25 சதவீதம் என்பது தொடக்க அளவு. 40 சதவீதத்திற்கு மேல் வைத்துப் பெரும்பாலும் பயன் இருக்காது. ஏனெனில் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் பைல்களைத் தன் மெமரியில் வைத்து உதவுகிறது. பிரவுசரும் பாட்டும் ஓடும் வீட்டுக் கம்ப்யூட்டரில், பழகிப் பார்ப்பதற்கு 128 எம்பியே போதும்.

* யுபிஎஸ் இருந்தாலும் பேக்கப் எடுத்து வையுங்கள். நாட்குறிப்பு மின்தடையிலிருந்து காக்கும். டிஸ்க்கே பழுதானால் காக்காது.

மாமா மண்டியில் இப்போது உள் அறைக் கம்ப்யூட்டரில் ஒரு தாள் ஒட்டப்பட்டுள்ளது: "எண்ட் டாஸ்க் கூடாது." எழுதி ஒட்டியவன் நான்தான்.