கூட்ஸ் வண்டியையே வாங்குங்கள்

டிசம்பரில் வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க வரும் குடும்பங்கள் பல ரயிலேறிச் செங்கல்பட்டில் இறங்குகின்றன. கொளவாய் ஏரியை ஒட்டி வண்டி போகும்போதே சில பிள்ளைகளை அடையாளம் கண்டுவிடலாம். தண்ணீர்ப் பக்கம் அவர்கள் திரும்புவதே இல்லை. எதிரே வரும் கூட்ஸில் எத்தனை பெட்டி என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். அரையாண்டு விடுமுறைக்கு மாடல் ரயில் கேட்டு அடம்பிடிப்பதும் இவர்கள்தான்.

ஐந்தாறு வயதென்றால் யோசிக்கவே வேண்டாம், பேட்டரியில் ஓடும் பிளாஸ்டிக் ரயில் போதும். பத்தைத் தாண்டிய பிள்ளைக்குத்தான் தண்டவாளத்தின் வழியே மின்சாரம் பாயும் நிஜ மாடல். உலகம் முழுக்க அதிகம் விற்பது எச்.ஓ. என்ற அளவு. புனே கோத்ரூடில் 1998 முதல் இயங்கும் ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகத்திலும் ஓடுவது இதுதான்.

எச்.ஓ. என்றால் 87-இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். அதை 87-ஆல் பெருக்கினால் 1,435 மில்லிமீட்டர் சொச்சம் வரும்; அது ஐரோப்பாவின் அகலம். நம் பிராட்கேஜ் 1,676 மில்லிமீட்டர். சரியான கணக்குப்படி அதற்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். 2004 வரை கடற்கரை – தாம்பரம் தடத்தில் மின்சார ரயில்கள் ஓடிய மீட்டர்கேஜுக்கோ பதினொன்றரை போதும். ஆக, கடையில் கிடைக்கும் செட்டில் நம்மூர் எஞ்சினை வைத்தாலும் அகலம் கொஞ்சம் பொய்தான். பிள்ளைகள் இதைப் பொருட்படுத்துவதில்லை. நாமும் விட்டுவிடலாம்.

விடக்கூடாதது வளைவு. பிராட்கேஜில் நம் ரயில்வே அனுமதிக்கும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். எச்.ஓ. அளவில் அது 2 மீட்டர். வட்டம் போட்டால் 4 மீட்டர் அகலக் கூடம் வேண்டும். தொடக்கநிலைப் பெட்டிகளில் வரும் வளைவின் ஆரமோ சுமார் 45 சென்டிமீட்டர். நிஜத்தில் இது 39 மீட்டர் வளைவுக்குச் சமம். எந்த எக்ஸ்பிரஸும் அதில் திரும்பாது. 22 மீட்டர் நீளப் பயணிகள் பெட்டி மாடலில் 25 சென்டிமீட்டர் ஆகிறது. வளைவில் அதன் நடுப்பகுதி உள்ளே இழுத்துக்கொள்ளும், முனைகள் வெளியே துருத்தும், சில சமயம் தடம் புரளும். நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்என் வேகன் கிட்டத்தட்ட 10.7 மீட்டர்தான். மாடலில் 12 சென்டிமீட்டர். வளைவில் அழகாகத் திரும்பும். அதனால்தான் சொல்கிறேன்: பளபளக்கும் எக்ஸ்பிரஸ் படத்தைப் பார்த்து மயங்காமல், குட்டி எஞ்சினும் நாலைந்து வேகனும் உள்ள கூட்ஸ் செட்டை எடுங்கள்.

எஞ்சினைக் கையில் தூக்கிப் பாருங்கள். டபிள்யூஏபி-7 எஞ்சினின் எடை 123 டன். நீளம் 87-இல் ஒரு பங்கானால் எடை 87-இன் கனத்தால், அதாவது ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணால், வகுபடும். மிஞ்சுவது 187 கிராம். சக்கரம் வழுக்காமல் இழுக்க இது போதாது என்பதால், நல்ல தயாரிப்பாளர்கள் உள்ளே உலோகக் கட்டி வைப்பார்கள். தக்கை மாதிரி இருக்கும் எஞ்சின் நின்ற இடத்திலேயே சக்கரம் சுழற்றும்.

இரண்டு தண்டவாளங்களும் ஒயர்கள்தான். 12 வோல்ட் நேர் மின்சாரம் ஒன்றில் வந்து, சக்கரம் வழியாக மோட்டாரைச் சுற்றி, மற்றொன்றில் திரும்பும். கன்ட்ரோலர் திசையை மாற்றினால் வண்டி பின்னால் போகும். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய அழுக்குப் படலம் வந்தாலே எஞ்சின் திக்கித் திக்கி நின்றுவிடும். வெள்ளைத் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்தால் கரிக்கோடு விழும். துடைக்கும்போது கரன்ட்டை நிறுத்திவிடுங்கள். கோவளம், மாமல்லபுரம் பக்கம் வீடு என்றால் எஃகுத் தண்டவாளம் வேண்டாம், உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த நிக்கல் சில்வர் தண்டவாளம் கேட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டு உறவினர் வாங்கி வரும் செட்டில் முதலில் பார்க்க வேண்டியது அடாப்டர். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. அடாப்டரின் பின்புறம் 230 வோல்ட்டையும் ஏற்கும் என்று அச்சிட்டிருந்தால் மட்டும் பிளக்கைச் செருகுங்கள்.