விசிறியும் வியர்வையும்

வெயில் மிகுந்த நாட்டிலே பிறந்தோர்க்குக் காற்று ஒரு செல்வமாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டார் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டு வழங்கிவருதலே அதற்குச் சான்று. சோளகம் எழுந்ததா, வாடை திரும்பியதா என்னும் வினா கமக்காரருக்கும் கடற்றொழிலாளருக்கும் மாத்திரம் உரியதன்று. திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியோரும் நாடோறும் அதனை வினவுவர். சோளகம் இன்னும் பிடியாத சித்திரை மாதத்திலோ ஞாயிறு நம் தலைக்கு நேர் உச்சியில் நிற்கின்றது. குடாநாட்டின் அகலக்கோட்டுக்கு நேராக அது வருவது ஏறத்தாழ ஏப்பிரல் மாத நடுப்பகுதியிலும், மீண்டும் ஓகஸ்ட் மாத இறுதியிலுமாகும். வேப்பிலையும் அசையாத அந்நாள் நண்பகலில் கை தானாகவே விசிறியைத் தேடும்.

விசிறி என்பது விசிறுதல் என்னும் தொழிலடியாகப் பிறந்த பெயர். அப்பொருளுக்கு உக்கம் என்ற பழைய சொல்லும் உண்டு. அது திருப்பாவையில் ஆளப்பட்டுள்ளது. கோயில்களில் ஆலவட்டமும் சாமரையும் இறைவனுக்குரிய உபசாரங்களாய் விளங்குகின்றன. இல்லங்களில் பனையோலை விசிறி பாயும் தலையணையும் போல இன்றியமையாத பொருளாயிருந்தது. ஆங்கிலேயராட்சிக் காலத்தில் அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் உத்தரத்திலிருந்து தொங்கிய பங்காவை ஏவலாளர் கயிறு கொண்டு இழுத்தனர். இவை யாவற்றிலும் ஒரு குறை இருந்தது. காற்று வாங்குவோர் ஒருவர். கை நோவோர் வேறொருவர். தமக்குத் தாமே விசிறுவோர்க்கோ, கையின் உழைப்பு மேலும் வெப்பத்தை உண்டாக்கிற்று. 1882 ஆம் ஆண்டில் சைலர் வீலர் என்னும் அமெரிக்கர் இரண்டு அலகுகளையுடைய மின்மேசை விசிறியை அமைத்தபோது அக்குறை நீங்கிற்று. எனினும் விசிறி சுவருக்குக் கட்டுப்பட்டது. மின்கம்பி எட்டுமிடமே அதன் எல்லையாயிற்று.

அக்கட்டினை அவிழ்த்தது இலிதியம்-அயன் மின்கலமாகும். 1991 ஆம் ஆண்டில் யப்பானின் சோனி நிறுவனம் அதனை வணிகத்துக்குக் கொண்டுவந்தது. அதன் ஆக்கத்துக்கு அடிகோலிய ஜோன் குடினஃப், ஸ்ரான்லி விற்றிங்ஹாம், அகிரா யொஷினோ ஆகிய மூவரும் 2019 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசினைப் பெற்றனர். இன்று கடைகளில் விற்கப்படும் கைவிசிறியின் பிடிக்குள் விரலளவான அம்மின்கலம் ஒன்று இருக்கின்றது. அதனுடன் சிறு மோட்டர் ஒன்றும், மூன்று முதல் ஏழு வரையான பிளாத்திக்கு அலகுகளும், விரலைக் காக்கும் கூடும், வேகத்தை மாற்றும் பொத்தானும் சேர்ந்தால் கருவி முற்றுப்பெறும். கழுத்தில் மாலைபோல் அணியும் விசிறியும் இதன் உடன்பிறப்பே.

மின்கலத்தின் அருமையை இந்நாட்டின் வடபகுதியார்க்கு எடுத்துரைத்தல் வேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டில் மின்சாரம் துண்டிக்கப்பட்டபின், குடாநாட்டுக்குக் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் மின்கலமும் ஒன்றாயிருந்தது. மிதிவண்டித் தைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. பின்னர், 2022 மார்ச்சு இறுதியில் நாடு முழுவதிலும் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. கூரைவிசிறி நின்ற அவ்விரவுகளில், குழந்தைக்கும் நோயாளிக்கும் கைவிசிறி வேடிக்கைப் பொருளாய் இருக்கவில்லை. ஆதலின் அது யாது செய்யும், யாது செய்யாது என அறிந்து வைத்தல் நன்று.

முதலில் ஓர் எளிய சோதனையை மாணவர் செய்து பார்க்கலாம். ஒரு வெப்பமானியை விசிறியின் முன்னே பிடியுங்கள். எவ்வளவு நேரம் பிடித்தாலும் அது காட்டும் வெப்பநிலை இறங்குவதில்லை. அடுத்து, அதன் குமிழைச் சுற்றி நனைந்த துணித்துண்டொன்றைக் கட்டி, மீண்டும் காற்றிற் பிடியுங்கள். சில நிமிடங்களில் அளவு தெளிவாக இறங்கக் காண்பீர்கள். விசிறியும் ஒன்றே, காற்றும் ஒன்றே; வேறுபட்டது நீர் மாத்திரமே. எனவே விசிறி காற்றைக் குளிரச் செய்வதில்லை. நீர் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தான் தொட்டிருக்கும் பொருளிலிருந்து கவர்ந்துகொள்கின்றது; விசிறி அச்செயலை விரைவுபடுத்துகின்றது. மண்பானையில் நீர் குளிர்வதும் இவ்வியல்பினாலேயாம்.

இவ்வுண்மையை 1758 ஆம் ஆண்டில் பெஞ்சமின் பிராங்கிளினும் ஜோன் ஹட்லி என்பவரும் கேம்பிரிட்ஜ் நகரில் வியக்கத்தக்க முறையில் காட்டினர். நீரினும் மிக விரைவாக ஆவியாகும் ஈதரை வெப்பமானியின் குமிழிற் பலமுறை தடவி, துருத்தியினால் ஊதினர். வெம்மையான அந்நாளில் பரனைற்று அளவையில் 65 பாகையில் இருந்த வெப்பமானி 7 பாகைக்கு இறங்கிற்று. குமிழின்மேற் பனிக்கட்டி படர்ந்தது. ஊதப்பட்டதோ அறையிலிருந்த சாதாரணக் காற்றே.

நம் உடலும் அக்குமிழை ஒத்ததே. அமைதியாக அமர்ந்திருக்கும் வளர்ந்த ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாற்று வெப்பத்தை இடையறாது உண்டாக்குகின்றது. பழைய மின்குமிழ் ஒன்று எரிவதை ஒப்பது அது. உடலின் உள் வெப்பநிலை 37 பாகை செல்சியசு அளவிலே நிலைபெற வேண்டுமாயின், அவ்வெப்பம் முழுவதும் வெளியேறியாகவேண்டும். கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல், ஆவியாதல் என அதற்கு வழிகள் நான்கு. சூழவுள்ள காற்று தோலினும் குளிர்ந்திருக்கும்வரை முதல் மூன்றும் உதவும். தோலின் வெப்பநிலையோ வெயில் நாட்களில் 35 பாகையை அண்மியிருக்கும். காற்றும் அவ்வளவை எட்டிவிட்டால் அம்மூன்று வாயில்களும் அடைபடும். எஞ்சுவது வியர்வை ஒன்றே. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 யூல் வெப்பத்தைக் கொண்டு செல்கின்றது. எனவே மேற்கூறிய 100 வாற்று வெப்பமும் வியர்வையினாலேயே நீங்கவேண்டுமாயின், மணிக்கு 150 கிராம் அளவான வியர்வை ஆவியாதல் வேண்டும். ஆவியாதல் என்னும் சொல்லை ஈண்டு அழுத்தி வாசித்தல் தகும். வழிந்து நிலத்தில் விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை.

காற்று அசையாதிருக்கும்போது தோலையொட்டி மெல்லிய வளிப்படலமொன்று தங்கிநிற்கின்றது. அது நம் வெப்பத்தினாற் சூடேறி, நம் வியர்வையின் ஆவியினால் நிறைந்து, பின்வரும் ஆவிக்கு இடங்கொடாது மறிக்கின்றது. விசிறி அப்படலத்தை அகற்றிப் புதிய காற்றுக்கு இடஞ்செய்கின்றது. அதன் பணி இவ்வளவே. ஆனால் இப்பணிக்கு வேண்டிய மின்வலு மிகச் சிறிது. கூரைவிசிறிக்கு 70 வாற்று அளவும், அறைக் குளிரூட்டிக்கு 1,000 வாற்று அளவும் வேண்டப்படுமிடத்து, கைவிசிறிக்கு மூன்று நான்கு வாற்றுப் போதும். உடலே செய்யும் வேலைக்கு அது ஒரு கைகொடுப்பதனால் இச்சிக்கனம் இயல்வதாயிற்று.

மின்கலத்தின் உறையில் 2,000 மில்லி அம்பியர்-மணி என்று பொறித்திருப்பின், அதனை 3.7 உவோற்றினாற் பெருக்க 7.4 வாற்று-மணி என வரும். 3 வாற்று வேகத்தில் அது இரண்டரை மணி நேரமும், 1 வாற்று வேகத்தில் ஏழு மணி நேரமும் ஓடும். மேலும், காற்றின் வேகத்தை இருமடங்காக்குவதற்கு ஏறத்தாழ எட்டு மடங்கு வலு வேண்டும் என்பது விசிறிகளுக்குரிய விதி. ஆதலால் மின்வெட்டு இரவில் மிகு வேகத்தில் வைத்து நள்ளிரவில் இழப்பதிலும், மென்வேகத்தில் வைத்து விடியும்வரை பெறுவது அறிவுடைமையாகும்.

காற்று எங்கே படவேண்டும் என்பதும் கருதத்தக்கது. முகம் காற்றை நுண்மையாக உணரும் உறுப்பு. அதனால் முகத்திற் காற்றுப் பட்டவுடன் உடல் முழுவதும் குளிர்ந்ததாக நினைக்கின்றோம். உண்மையில் ஆவியாதல் நிகழ்வது காற்றுப்பட்ட சிறு பரப்பிலே மாத்திரமே. யப்பானிய விசிறிச்சட்டை இக்குறையை நன்கு தீர்த்துள்ளது. இச்சிகயா ஹிரோஷி என்னும் பொறியியலாளர் இச்சட்டைக்கென 2004 இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். சட்டையின் பின்புற இடைப்பகுதியிற் பொருத்திய இரு விசிறிகள் வெளிக்காற்றை உள்ளிழுத்து, முதுகிலும் மார்பிலும் தவழச் செய்து, கழுத்தாலும் கைகளாலும் வெளியேற்றும். அந்நாட்டுக் கட்டட வேலைத்தலங்களில் அது பரவலாக அணியப்படுகின்றது. நாம் கோயிலில் மேலாடை களைந்து நிற்கும்போது சிறு காற்றும் பெருஞ்சுகம் தருவதற்குக் காரணமும் இதுவே: வியர்வை ஆவியாகும் பரப்பு மிகுகின்றது.

இனி, விசிறியின் எல்லையைக் காண்போம். முதலாவது ஈரப்பதன். நீராவி நிறைந்த காற்றில் வியர்வை உலராது. விசிறியின் பயன் குறையும். சாளரம் மூடிய அறையில் நமது மூச்சும் வியர்வையுமே காற்றை ஈரமாக்கிவிடும். எனவே விசிறியை இயக்குமுன் சாளரத்தைத் திறத்தல் வேண்டும். இரண்டாவது மிகை வெப்பம். தோலினும் மிகச் சூடான காற்று வீசும்போது, ஆவியாதல் கொண்டு செல்லும் வெப்பத்தினும் காற்றுக் கொண்டுவரும் வெப்பம் மிகும். வெப்பநிலை 40 பாகை செல்சியசுக்குக் குறைவாய் இருக்கும்போது மாத்திரமே மின்விசிறியைப் பயன்படுத்துமாறு உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. நம் ஊரில் வெப்பநிலை அவ்வளவை எட்டுவது அரிது. குவைத்திலும் கட்டாரிலும் கோடையில் வெயிலில் உழைக்கும் நம்மவர்க்கோ இது நாடோறும் நேரும் நிலை. ஆங்கே வெறுங்காற்று உலையின் துருத்தியாய் முடியும்.

மூன்றாவது முதுமை. இதனையே சற்று விரித்துரைக்க விரும்புகின்றேன். ஆண்டுகள் ஏற ஏற வியர்வைச் சுரப்பிகளின் ஆற்றல் குன்றும், தாகவுணர்வும் மந்தமாகும். சிலவகை மருந்துகள் வியர்வையை மேலும் தடுக்கும். சிட்னிப் பல்கலைக்கழகத்தாரை உள்ளிட்ட ஆய்வாளர் 2021 இல் வெளியிட்ட கணிப்பின்படி, விசிறியின் நன்மை இளையோர்க்கு 39 பாகை வரையிலும், நலமுள்ள முதியோர்க்கு 38 பாகை வரையிலும், வியர்வையைத் தடுக்கும் மருந்து உண்ணும் முதியோர்க்கு 37 பாகை வரையிலுமே நிற்கும். வியர்வை வற்றிய முதியவரின் முகத்தில் விசிறி வீசும்போது அவர் சுகமாயிருப்பதாகவே கூறுவார். உள்ளே உடல் சூடேறிக்கொண்டிருத்தல் கூடும். 2003 ஆம் ஆண்டின் வெப்ப அலையில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் முதியோர். வீட்டில் தனித்திருந்தோர் பலர். 2024 ஆம் ஆண்டு, அளவைகள் பதியத் தொடங்கிய காலமுதல் அதுவரை கண்ட ஆண்டுகளுள் மிக வெப்பமானது என உலக வளிமண்டலவியல் நிறுவனம் அறிவித்தது. பிள்ளைகள் கடல்கடந்து சென்றபின், பெரிய வீட்டில் தனித்திருக்கும் பெற்றோரை நம் ஊரிலே தெருத்தோறும் காண்கின்றோம். பிரான்சில் நிகழ்ந்தது நமக்கு அயலான செய்தியன்று.

மாற்று வழி எளிது. நாம் சோதனையில் வெப்பமானிக்குச் செய்ததனை முதியவருக்கும் செய்தல் வேண்டும். கைகள், கழுத்து, முகம் ஆகியவற்றை நீரில் நனைத்த துணியால் ஒற்றி, அதன்மேற் காற்றைப் பட விடுக. உடல் சுரக்க மாட்டாத வியர்வைக்கு அந்நீர் ஈடாகும். தாகம் எடுக்கும்வரை காத்திராது இடையிடையே நீர் பருகுவிக்க. நீரின் அளவை மருத்துவர் வரையறுத்திருப்பின் அவ்வளவைப் பேணுக. பேச்சுத் தடுமாறினாலோ, மயக்கம் வந்தாலோ, தோல் கொதித்தாலோ, நனைத்து விசிறியவாறே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. அந்நிலையில் தாமதம் உயிருக்கு இறுதியாகும்.

கருவியைப் பேணுதற்கும் சில விதிகள் உண்டு. வீங்கிய மின்கலத்தையும் உடைந்த மின்கலத்தையும் மீண்டும் மின்னேற்றலாகாது. தலையணையின் கீழும் மெத்தையின் மேலும் வைத்து மின்னேற்றுதல் தீங்கு பயக்கும். வெயிலில் நிறுத்திய மோட்டார் வண்டிக்குள் விட்டுச் செல்லலாகாது. நீண்ட கூந்தலையுடையோர் அலகுகளினின்று அதனை விலக்கி வைப்பாராக. வெளிநாட்டிலிருந்து இதனைக் கொண்டுவரும் அன்பர்கள் உதிரி மின்கலங்களை விமானத்திற் கைப்பையிலேயே வைத்தல் வேண்டும். ஒப்படைக்கும் பெட்டியில் அவற்றை வைத்தற்கு அனுமதியில்லை.

திருவிழாக் காலத்திலும் யூபிலிக் காலத்திலும் ஊர் திரும்பும் பழைய மாணவர், பெற்றோருக்கும் தமக்குக் கற்பித்த ஆசிரியர்க்கும் இக்கைவிசிறியைக் கொண்டுவருதல் வழக்கமாகி வருகின்றது. நல்ல வழக்கமே. கொடுக்கும்போது அதன் பயனையும் எல்லையையும் ஒருமுறை எடுத்துரைத்து, நனைத்த துணியின் உபயோகத்தையும் காட்டிச் செல்லுங்கள். இங்கு பயிலும் மாணவர்களுக்கும் ஒரு பணி உண்டு. சித்திரை வெயிலில் உங்கள் ஒழுங்கையில் தனித்திருக்கும் முதியவர் வீட்டுப் படலையை நாளுக்கு ஒருமுறை திறந்து, "தண்ணீர் குடித்தீர்களா?" என்று கேளுங்கள். வியர்வை வற்றிய உடலுக்கு அவ்வினா விசிறி தரும் காற்றினும் மிக்க துணையாகும்.