சுருளில் மறையும் மின்சாரம்

தெருமுனையில் இரும்புத் தூண்கள் தாங்கி நிற்கும் சாம்பல் நிறப் பெட்டியைக் காணாத ஊர் இந்தியாவில் அரிது. இரவில் சந்தடி அடங்கிய பின்பு, வேலிக்கு வெளியே நிற்பவர் காதிலும் வண்டின் முரலல் போன்ற ஓர் ஒலி அதிலிருந்து கேட்கும். அதுவே மின்மாற்றி. அதன் பக்கங்களில் வரிசையாக அமைந்துள்ள குழாய்களும் தகடுகளும் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல. உள்ளே சூடாகும் எண்ணெய் அவற்றின் வழியாக இறங்கிக் குளிர்கிறது. எண்ணெயைச் சூடாக்குவதும் மின்சாரமே. நிலக்கரியை எரித்தும் ஆற்றைத் தேக்கியும் பெற்ற மின்சாரத்தில் ஒரு பகுதி, எந்த விளக்கையும் ஏற்றாமல் இங்கேயே வெப்பமாகிக் கழிந்துவிடுகிறது. இக்கழிவைக் குறைப்பதே சுருள் வடிவமைக்கும் பொறியாளரின் முதன்மையான கவலை.

1831 ஆம் ஆண்டு ஆகஸ்டு 29 அன்று, மைக்கேல் பாரடே ஓர் இரும்பு வளையத்தின் இருபுறமும் தனித்தனிச் சுருள்களைச் சுற்றினார். ஒன்றில் மின்னோட்டத்தைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும், தொடர்பே இல்லாத மற்றொன்றில் மின்னோட்டம் தோன்றியது. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலமே இரண்டையும் இணைத்த பாலம். 1885 இல் அங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் சிபர்னோவ்ஸ்கி, பிளாத்தி, டேரி ஆகிய மூவர் அக்கருத்தை வளர்த்து, பயன்பாட்டுக்கு உகந்த மின்மாற்றியை உருவாக்கினர்.

தெருமுனை மின்மாற்றி 11,000 வோல்ட் அழுத்தத்தைப் பெற்று, வீடுகளுக்கு ஏற்றவாறு ஏறத்தாழ 250 வோல்ட்டாகக் குறைக்கிறது. எனவே கீழழுத்தச் சுருளின் ஒவ்வொரு சுற்றுக்கும் மேலழுத்தச் சுருளில் 44 சுற்றுகள் வேண்டும். 100 கிலோவோல்ட் ஆம்பியர் திறனுள்ள மும்முனை மின்மாற்றி முழுச்சுமையில் இயங்கும்போது, மேலழுத்தச் சுருளில் ஓடுவது 3 ஆம்பியர் அளவே. கீழழுத்தச் சுருளிலோ 133 ஆம்பியர். ஆகவே முன்னது மெல்லிய கம்பியால் பல சுற்றுகளாகவும், பின்னது பருத்த பட்டையால் சில சுற்றுகளாகவும் அமைகின்றன. இரும்பு உள்ளகத்தை ஒட்டி முதலில் கீழழுத்தச் சுருளே வைக்கப்படும். உயர்ந்த அழுத்தத்தை இரும்பிலிருந்து விலக்கி வைத்தால் காப்புப் பொருளின் செலவு குறையும் அன்றோ!

கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. மின்னோட்டம் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்காகும். கம்பியைப் பருமனாக்கினால் மின்தடை குறையும், இழப்பும் குறையும். அப்படியாயின் மிகப் பருத்த ஒற்றைக் கம்பியையே பயன்படுத்தலாமே என்னும் வினா எழுகிறது. இங்குதான் இயற்கை ஒரு தடையை வைத்திருக்கிறது.

மாறுதிசை மின்னோட்டம் கம்பியின் முழுப்பரப்பிலும் சமமாகப் பரவுவதில்லை. அது உண்டாக்கும் காந்தப்புலமே அதனை நடுப்பகுதியிலிருந்து வெளிப்புறத்துக்குத் தள்ளுகிறது. இது புறப்பரப்பு விளைவு எனப்படும். நொடிக்கு 50 முறை அலையும் நம் நாட்டு மின்சாரம் செம்பில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் ஆழம் வரை ஓடும். அதற்கும் உள்ளே இருக்கும் செம்பு பெரும்பாலும் வேலையற்றுக் கிடக்கும். விலை மட்டும் முழு விலை! அண்டைச் சுற்றுகளின் காந்தப்புலமும் பருத்த கம்பிக்குள் நுழைந்து, ஆற்றுச் சுழல்போல வட்டமிடும் மின்னோட்டங்களை எழுப்பி வீண் வெப்பத்தைக் கூட்டுகிறது.

ஆதலால் ஒரு பருத்த கம்பிக்கு மாற்றாக, தனித்தனியே காப்பிட்ட பல மெல்லிய இழைகள் பயன்படுத்தப்படுகின்றன. இழைகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டால் மட்டும் போதாது. உள்ளிருக்கும் இழை எப்போதும் உள்ளேயே இருந்தால் பழைய குறை திரும்பிவிடும். தலைமுடியைப் பின்னும்போது ஒவ்வொரு புரியும் ஒருமுறை ஓரத்துக்கும் ஒருமுறை நடுவுக்கும் வருகிறது. அதுபோலவே ஒவ்வோர் இழையும் எல்லா இடங்களிலும் தன் முறையைப் பெறுமாறு பின்னினால், மின்னோட்டம் அனைத்திலும் சமமாகப் பிரியும். இழைகளை இவ்வாறு இடம் மாற்றிச் செல்லும் முறையை லுட்விக் ரோபெல் என்னும் பொறியாளர் 1912 இல் மின்னாக்கிகளுக்காக வகுத்தார். பெரிய மின்மாற்றிகளின் சுருள்களிலும் இன்று இழைகள் அவ்வாறே இடம் மாறிச் செல்கின்றன.

சமையலறையில் உள்ள மின்தூண்டல் அடுப்பிலும் இதே பின்னலைக் காணலாம். அதன் கண்ணாடிப் பரப்புக்குக் கீழே இருப்பது ஒரு தட்டையான செம்புச் சுருள். அதில் மின்னோட்டம் நொடிக்கு 20,000 முறைக்கும் மேலாக அலைகிறது. செம்பில் அது செல்லும் ஆழம் அரை மில்லிமீட்டரைக்கூட எட்டாது. எனவே அச்சுருள், மயிரிழை போன்ற பல கம்பிகளை முறுக்கிய கயிற்றால் ஆனது. வெப்பம் பாத்திரத்தில் பிறக்கவேண்டுமே தவிர, சுருளில் பிறந்தால் பயனில்லை.

செம்பில் மட்டுமன்றி இரும்பிலும் இழப்பு உண்டு. உள்ளகம் திண்ணிய இரும்புக் கட்டியாக இருந்தால் அதனுள்ளும் சுழல் மின்னோட்டங்கள் பெருகும். அதனால் சிலிக்கான் கலந்த எஃகை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள தகடுகளாக்கி, காப்புப் பூசி அடுக்குகின்றனர். முன்னர்க் கூறிய முரலலும் இத்தகடுகளிலிருந்தே வருகிறது. காந்தப்புலம் ஏறி இறங்குகையில் அவை நொடிக்கு 100 முறை நுண்ணளவில் நீண்டு சுருங்குகின்றன.

செம்பின் இழப்புக்கும் இரும்பின் இழப்புக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. ஊரே உறங்கும்போதும் இரும்பின் இழப்பு ஓய்வதில்லை. அது 250 வாட் என்று கொண்டால், ஒரு நாளில் 6 யூனிட்டும் ஓர் ஆண்டில் 2,190 யூனிட்டும் வீணாகும். செம்பின் இழப்போ சுமையைப் பொறுத்தது. முழுச்சுமையில் 1,600 வாட்டாக இருப்பது, கால்சுமையில் 100 வாட்டாக இறங்கிவிடும்.

இரும்பின் இழப்பைக் குறைக்க எண்ணிச் சுற்றுகளைப் பத்து விழுக்காடு கூட்டினால் காந்தப்பாயம் தணியும். ஆனால் கம்பியின் நீளமும் பத்து விழுக்காடு கூடும். அதே இடத்தில் அடக்க வேண்டுமாயின் கம்பி மெலியவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து மின்தடையை 21 விழுக்காடு உயர்த்திவிடும். ஒன்றைக் காக்க மற்றொன்றை இழக்கும் இந்தக் கணக்கில் எல்லா ஊர்களுக்கும் பொருந்தும் விடை இல்லை. மாலை நேரத்தில் மட்டும் விளக்கெரியும் சிற்றூருக்கு இரும்பின் இழப்பு குறைந்த மின்மாற்றியே ஏற்றது. பகலும் இரவும் பொறிகள் ஓடும் ஆலைக்கோ செம்பை மிகுதியாக இடுவது நன்று.

வாங்கும்போது விலை மலிவாக இருந்தாலும், செம்பைக் குறைத்துச் செய்த மின்மாற்றி ஆண்டுதோறும் தன் குறையைக் காட்டும். அதன் சுருள் மிகுதியாகச் சூடாகும். சுருளைச் சுற்றியுள்ள காப்புக் காகிதம் அவ்வெப்பத்தில் மெல்ல நொறுங்கும். வெப்பநிலை 6 பாகை உயரும்தோறும் காகிதம் மூப்படையும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஒருநாள் காகிதம் கிழிந்து இரு சுற்றுகள் ஒன்றையொன்று தொடும்போது, முரலல் நின்று தெரு முழுவதும் இருளில் மூழ்கும்.