மேல்நிலைப் பள்ளிப் பட்டறிவும் அறிவியல் பாடத் தெரிவும்

முன்னுரை

இயற்பியல், வேதியியல், தாவரவியல் போன்ற துறைகளுள் ஒன்றை மாணவர் தெரிவு செய்வது கல்லூரிச் சேர்க்கையின்போது நிகழ்வதாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. தமிழ்நாட்டில் அத்தெரிவின் பெரும்பகுதி, பதினோராம் வகுப்பில் பாடப்பிரிவு முடிவாகும்போதே முடிந்துவிடுகிறது. இதனை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடப்பிரிவு என்னும் வாயில்

1978இல் புகுமுக வகுப்பிற்கு மாற்றாக மேல்நிலைக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதனால் பாடத் தெரிவின் களம் கல்லூரியிலிருந்து பள்ளிக்கு நகர்ந்தது. கணிதம் பயிலாதவருக்குப் பொறியியலும், உயிரியல் பயிலாதவருக்கு மருத்துவமும் எளிதில் எட்டுவதில்லை. பழனியை அடுத்த பாலசமுத்திரம் போன்ற ஊர்களின் மாணவருக்கு, அருகமைப் பள்ளியில் எப்பிரிவு உள்ளது, அதற்கு ஆசிரியர் உள்ளனரா, பேருந்து வசதி எத்தகையது என்பனவும் விருப்பத்திற்கு இணையான காரணிகளாகின்றன.

ஆசிரியரும் தகவலும்

ஆ. ப. ஜெ. அப்துல் கலாமின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும். இராமேசுவரத்தில் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கடற்கரையில் பறவையின் பறத்தலைக் காட்டிப் பாடம் நடத்தியமை, அவருள் பறத்தல் குறித்த வேட்கையை விதைத்தது. ஆயினும் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்ற பின்னரே, தமக்குரிய துறை பொறியியல் என அவர் உணர்ந்தார். ஆர்வத்தை ஆசிரியர் ஊட்டலாம். அவ்வார்வம் எத்துறைக்கு இட்டுச்செல்லும் என்னும் தகவலும் உடன் கிட்டினாலன்றித் தெரிவு முழுமை பெறாது.

தன்திறன் நம்பிக்கை

லெண்ட், பிரவுன், ஹேக்கெட் ஆகியோர் 1994இல் முன்வைத்த கோட்பாடு, ‘என்னால் இயலும்’ என்னும் நம்பிக்கையே ஆர்வத்திற்கும் தெரிவிற்கும் அடிப்படை என்கிறது. அந்நம்பிக்கை பெரிதும் செய்து பெற்ற வெற்றியால் வளர்வது. மேல்நிலை இயற்பியலில் ஒரு பகுதி மதிப்பெண் செய்முறைக்கு உரியது. கருவியைத் தாமே கையாளாமல் பதிவேட்டை மட்டும் நிரப்பும் மாணவர் அம்மதிப்பெண்ணைப் பெறக்கூடும், நம்பிக்கையைப் பெறுவதில்லை.

நிறைவுரை

அரசுப் பள்ளி மாணவருக்கு 2020இல் மருத்துவப் படிப்பிலும், 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலும் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு வழங்கப்பட்டது. எனினும் உரிய பாடப்பிரிவில் பயின்றோர்க்கே அது பயன்படும். எனவே அறிவியல் துறைச் சேர்க்கையை ஆராய்வோர், மாணவரின் மதிப்பெண்ணோடு அவர் பயின்ற பள்ளியின் பாடப்பிரிவு, ஆய்வகம், ஆசிரியர் நிலை ஆகியவற்றையும் தரவாகக் கொள்ளுதல் வேண்டும். அவ்வாறு கொள்ளாதவிடத்து, வாய்ப்பின்மை விருப்பமின்மையாகப் பிழைபட உணரப்படும்.