உங்களுக்குத் தெரியுமா? ஈ விட்டு ஈ பாயும் டி.என்.ஏ. துண்டுகள்

● நோன்பு காலத்தில் கல்முனைக் கடைகளில் வெட்டி வைத்த வத்தகப்பழத்தையும் கனிந்த கதலியையும் மொய்க்கிறதே, பொடி ஈ? அது துரோசோபிலா வகை. கொய்யாவுக்குள் புழு வைக்கும் ஈ வேறு. இது பழத்தில் ஊறும் மதுவத்துக்காக வருவது.

● டி.என்.ஏ.யில் இடம்விட்டு இடம் தாவும் துண்டுகள் உண்டு. சோளன் மணிகளில் விழும் நிறப் புள்ளிகளைக் கொண்டு 1940களில் இதைக் கண்டவர் பார்பரா மக்ளின்டாக். நோபல் பரிசு வந்ததோ 1983இல்தான்!

● 1950க்கு முன் பிடித்து ஆய்வுகூடங்களில் வளர்த்துவந்த துரோசோபிலா மெலனோகாஸ்டர் ஈக்களில் 'பி' என்ற துண்டு இல்லை. 1970களின் இறுதிக்குள் உலகெங்கும் வெளியில் பிடித்த ஈக்களில் அது பரவிவிட்டது.

● எங்கிருந்து வந்தது? அமெரிக்க வெப்பவலயத்து துரோசோபிலா வில்லிஸ்டோனியிடமிருந்து. இரு இனமும் ஒன்றோடொன்று கூடிக் குஞ்சு பொரிப்பதில்லை. ஆனாலும் இரண்டிலும் உள்ள 'பி' துண்டின் 2,907 எழுத்துகளில் வித்தியாசம் ஒன்றே ஒன்று.

● தூக்கிச் சென்றது யார்? சந்தேகம் ஒரு சிற்றுண்ணி மீது. ஓர் ஈயின் முட்டையைக் குத்தி உறிஞ்சிய வாயாலேயே அடுத்த முட்டையையும் குத்தும். 1991இல் வெளியான ஆய்வு அதன் உடலில் 'பி' துண்டைக் காட்டியது.

● 'பி' உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு கூடினால் பிள்ளைகள் மலடாகலாம். 29 பாகை செல்சியஸ் போன்ற வெப்பத்தில் பாதிப்பு இன்னும் கடுமை. தாயிடம் 'பி' இருந்தாலோ பயமில்லை. அதை அடக்கும் நுண் ஆர்.என்.ஏ.க்களை முட்டையோடு சீதனமாகக் கொடுத்துவிடுவாள்!

● ஆட்டம் ஓயவில்லை. 'பி' இப்போது துரோசோபிலா சிமுலான்ஸ் இனத்துக்குள்ளும் புகுந்துவிட்டதை 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. பரவிக்கொண்டிருக்கும்போதே பிடிபட்டது இது.

● தாவும் குணத்தை மனிதன் வேலைக்கும் அமர்த்தினான். 1982இல் ரூபினும் ஸ்ப்ராட்லிங்கும் 'பி' துண்டில் ஒரு பரம்பரையலகை ஏற்றி ஈயின் முளையத்தில் செலுத்தினர். அடுத்த தலைமுறையில் பழுதான கண் நிறம் சீரானது.

● 'மரைனர்' என்ற இன்னொரு துண்டு முதலில் அகப்பட்டது நம் இந்துசமுத்திரத்து மொரிஷியஸ் தீவின் ஈயில். விவரம் வெளியானது 1986இல். பிறகு தேடத் தேடப் பல பூச்சி இனங்களில் கிடைத்தது. மனிதரின் நிறமூர்த்தங்களிலும் அதன் உறவுத் துண்டுகள் உண்டு; ஆனால், தாவும் சக்தி போய்விட்டது.