'மாணவர்க்கு இலவசம்'

தில்லிக் குளிரை முதன்முறை காணும் தென்னாட்டு மாணவனுக்குத் தீபாவளி கழிந்ததும் தோன்றும் கவலை ரஜாய்க் கவலையே. கடைத்தெருவில் இந்தியில் பேரம் பேச நாணி, அவன் கைப்பேசியில் இணையக் கடையை நாடுகிறான். வாயிலிலேயே அவனை வரவேற்கிறது ஓர் இனிய சொல்: 'இலவச உறுப்பாண்மை'.

நானும் அவ்வாறு வரவேற்கப்பட்டவன்தான். இங்கு வந்த முதலாண்டில், ஒரு திங்கள் இலவசம் என்ற சொல்லைக் கண்டு ஒரு கடையில் உறுப்பினன் ஆனேன். ரஜாய் கூலியின்றி வந்து சேர்ந்தது, மகிழ்ந்தேன். பின்னர்த் தேர்வு வந்தது. உறுப்பாண்மையை அறவே மறந்தேன். தந்தையார் ஊரிலிருந்து அனுப்பிய உணவுப் பணத்திலிருந்து ஓராண்டுச் சந்தா கழிக்கப்பட்டது என்ற செய்தி வந்தபோதுதான் நினைவு திரும்பியது. அந்தத் திங்கள் மெஸ் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டினேன். பிழை கடையினுடையது அன்று. விதிகளைப் படியாத என்னுடையதே.

அப்படியானால் இத்தகைய சலுகைகளை நாடவே கூடாதா? நாடலாம், அறிந்து நாட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பெயர் தெரியாத உப்பு ஒன்றைத் தந்தால், நிறத்தைப் பார்த்தே நாம் தீர்ப்புக் கூறுவதில்லை. வரிசையாகச் சோதனைகள் செய்கிறோம். 'இலவசம்' என்ற வெண்பொடிக்கும் நான்கு சோதனைகள் உள்ளன.

முதற் சோதனை: யார் மாணவர்?

இதற்குக் கடைகள் இரு வகையாக விடை கூறுகின்றன. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டு அமேசான் மாணவர்க்கென ஒரு திட்டம் தொடங்கியது. முதலில் ஓராண்டு இலவசம் என்றது. பின்னர் அதை ஆறு திங்களாகக் குறைத்து, அதன்பின் பாதிக் கட்டணம் என வைத்தது. அங்கே கேட்கப்பட்டது கல்லூரி மின்னஞ்சல் முகவரி, வயதன்று. அறுபது வயதில் படிப்பவரும் அங்கு மாணவரே.

நம் நாட்டில் 2016-இல் வந்த அமேசான் பிரைம், இளைஞர் சலுகைக்கு வேறு அளவுகோலை எடுத்தது. 18 முதல் 24 வயது வரை உள்ளோர்க்குச் சந்தாவில் பாதி குறைவு. கல்லூரியில் பயில்கிறாரா என்ற கேள்வியே இல்லை. எங்கள் ஆய்வுக்கூடத்து அண்ணன் ஒருவருக்கு வயது 27. "பள்ளி முடித்துப் பத்தாண்டாகப் படிக்கிறேன், எனக்கு இல்லையாம், படிப்பை விட்டு வேலைக்குப் போன என் தம்பிக்கு உண்டாம்!" என்று சிரித்தார். சிரிப்பில் வருத்தமும் இருந்தது. ஆதலின், சலுகையின் பெயரில் மாணவர் என்ற சொல் இருக்கிறதா, இளைஞர் என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டாம் சோதனை: எதைக் கொண்டு மெய்ப்பிப்பது?

சில கடைகள் பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கேட்கும். ஏசி.இன், இடியு.இன் என முடியும் முகவரிகளைக் கல்வி நிறுவனங்களுக்கே எர்நெட் இந்தியா வழங்குவதால் அவற்றுக்கு மதிப்பு அதிகம். சில கடைகள் இச்சோதனையைப் பிறரிடம் விட்டுவிடும்; 2011-இல் இங்கிலாந்தில் தோன்றிய யூனிடேஸ் அத்தகையது. வயதை நோக்கும் கடைகளோ முகப்படத்தையும் அடையாளச் சான்றையும் கேட்கும். ஆதார் படியைத் தர நேர்ந்தால், கடைசி நான்கு எண்களை மட்டும் காட்டும் மறைப்பு ஆதாரை ஏற்பார்களா என்று பாருங்கள். அதை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே பெறலாம்.

மேற்சொன்ன அண்ணன் ஒருநாள், "உன் முகத்தைக் காட்டி எனக்கொரு கணக்குத் தொடங்கிக் கொடு, தம்பி" என்றார். கற்றுக்கொடுத்தவரிடம் மறுத்துப் பேச நா எழவில்லை, ஆயினும் மறுத்தேன். என் சான்றைக் கொண்டு தொடங்கும் கணக்கில் என்ன நிகழ்ந்தாலும் பொறுப்பு என் தலையில். பொய் உரைத்தவனும் நானே ஆவேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே தேநீருக்கு அழைத்தார்.

மூன்றாம் சோதனை: எது இலவசம்?

இலவச உறுப்பாண்மை வேறு, இலவசச் சோதனைக் காலம் வேறு, பாதிக் கட்டணம் வேறு. மூன்றும் விளம்பரத்தில் ஒரே பெரிய எழுத்தில் வரும். வேறுபாடு சிற்றெழுத்தில் இருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். 2021 டிசம்பரில் பிரைம் ஆண்டுச் சந்தா 1,499 ரூபாயாக உயர்ந்தது. அதில் பாதி ஏறத்தாழ 750 ரூபாய். ஒரு முறைக்கு அனுப்புகூலி 40 ரூபாய் எனக் கொண்டால், ஆண்டில் 19 முறை வாங்கினால்தான் சந்தா ஈடாகும். விடுதி மாணவர் 19 முறை வாங்குகிறோமா? படம் பார்ப்பதற்காகவே சேர்கிறேன் என்பவர் அதைத் தனியே கணக்கிடட்டும். கூலி மிச்சம் என்று சொல்லிச் சேர வேண்டா.

கடைகள் ஏன் நமக்கு இரங்குகின்றன என்பதையும் எண்ண வேண்டும். இளமையில் படியும் பழக்கம் எளிதில் போகாது. இருபத்தைந்தாம் வயதில் சலுகை நீங்கும், பழக்கம் நீங்குமா?

நான்காம் சோதனை: முடிவில் என்ன நிகழும்?

என்னை வீழ்த்தியது இதுவே. இலவசக் காலம் முடிந்ததும் பெரும்பாலான உறுப்பாண்மைகள் தாமே கட்டண உறுப்பாண்மைகளாக மாறிவிடும். ஆனால் யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே! ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2021 அக்டோபர் முதல், தானே கழியும் தொகைக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். எனக்கும் அம்மணி ஒலித்தது, படியாமல் தள்ளினேன். யு.பி.ஐ. செயலியில் 'ஆட்டோபே' என்ற பகுதியைத் திறந்தால் நாம் கொடுத்த ஒப்புதல்களைக் காணலாம், வேண்டாதவற்றை நீக்கலாம்.

சேர்வது எளிதாய், விலகுவது அரிதாய் அமைந்த கடைகளும் உண்டு. இதனைச் 'சந்தாப் பொறி' என்று பெயரிட்டு, 2023 நவம்பரில் நடுவணரசு வெளியிட்ட நெறிமுறைகள் தடுத்துள்ளன. அமெரிக்காவில் இத்தகைய குற்றச்சாட்டோடு 2023-இல் தொடுக்கப்பட்ட வழக்கில், குற்றத்தை ஏற்காமலே, 250 கோடி டாலர் தர அமேசான் 2025-இல் உடன்பட்டது. பொறியில் அகப்பட்டவர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

நண்பர்களே! இலவசம் பெறுவது இழிவன்று. அறியாமல் பெறுவதே இழப்பு. உறுப்பினராகும் அன்றே முடிவு நாளை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். சென்ற நவம்பரில் புதிதாய் வந்த தம்பியர் மூவர் என் அறைக்கு வந்தனர். நால்வரும் அமர்ந்து சிற்றெழுத்தெல்லாம் படித்தோம். முடிவில் எந்த உறுப்பாண்மையும் வேண்டியிருக்கவில்லை. மூன்று ரஜாய்களையும் ஒரே ஆணையில் சேர்த்தோம். கூலி தானே நீங்கியது. இவ்வாண்டும் வருவோர் வரலாம். கதவு திறந்தே இருக்கும். அதற்குச் சந்தா இல்லை.